ஹரூராவிலிருந்து ஆக்ரா வரை: விவாதங்கள் உள்ளங்களை மாற்றியனவா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தமிழ் முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் விவாத மேடை என்பது புதிய செய்தி அன்று. முதலில் ஒப்பந்தம் எழுதப்படும். தலைப்பு, நாள், நேரம், ஒவ்வொரு தரப்பிலும் எத்தனை பேர் என்பன எல்லாம் அதில் இருக்கும். இரு தரப்பாரும் தத்தம் ஒளிப்பதிவுக் கருவிகளோடு வருவர். விவாதம் முடிந்து சில நாட்களில் இரு தரப்பிலிருந்தும் குறுந்தகடுகள் வெளிவரும். முன்பு கடைத்தெருவில் விற்கப்பட்டவை இன்று கைபேசியில் வந்து விழுகின்றன. இரண்டிலும் வெற்றி பெற்றவர் வெளியிட்டவரே. இதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

நாம் அதிகம் பேசாத ஒன்றும் உண்டு. அத்தகைய மேடைக்குப் பின்னர் ஒரே வாப்பாவின் பிள்ளைகள் இருவர் இரு வேறு பள்ளிவாசல்களுக்குச் செல்லத் தொடங்குகின்றனர். ஒருவர் வீட்டு நிகாஹ்வுக்கு மற்றவர் வருவதில்லை. ஜனாஸாத் தொழுகையில்கூட யார் இமாமாக நிற்பது என்று மையித்தை வைத்துக்கொண்டு வாக்குவாதம் எழுகிறது. இவ்வளவு விலை கொடுத்து நடத்தப்படும் விவாதத்தால் உண்மையிலேயே யாருடைய கருத்தேனும் மாறுகிறதா? மாறினால் யாருடையது, எப்போது மாறுகிறது? இக்கேள்விக்கு ஊர் அனுபவத்தை வைத்துப் பதில் தேடினால் ஏதேனும் ஒரு தரப்பின் வக்கீலாக ஆகிவிடுவோம். ஆகவே வரலாற்றிடம் கேட்பதே முறை.

அதற்கு முன்பாகத் திருக்குர்ஆன் காட்டும் இரு காட்சிகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைகளை உடைத்துவிட்டு, பெரிய சிலையை மட்டும் விட்டு வைத்தார்கள். மக்கள் திரண்டு விசாரித்தபோது, இவை பேசக்கூடியவையாயின் இவற்றிடமே கேளுங்கள் என்றார்கள். அடுத்து நிகழ்ந்ததை அல் அன்பியா அத்தியாயத்தின் 64, 65ஆம் வசனங்கள் விவரிக்கின்றன. அம்மக்கள் ஒரு கணம் தமக்குள்ளே திரும்பி, அநியாயக்காரர்கள் நாமே என்று ஒப்புக்கொண்டனர். உடனே தலைகீழாகக் கவிழ்ந்தனர். இவை பேசாது என்பது உமக்குத் தெரியுமே என்று வாதிடத் தொடங்கினர். அடுத்த முடிவு நெருப்புக் குண்டம். வாதம் அவர்களைத் தொடவே இல்லை என்று கூற இயலாது; நன்றாகவே தொட்டது. தொட்ட இடத்தில் அவர்கள் நிற்கவில்லை.

மற்றொன்று மூஸா (அலை) அவர்களுக்கும் சூனியக்காரர்களுக்கும் இடையே நடந்த போட்டி. திருநாளன்று, முற்பகலில், மக்கள் அனைவரும் கூடிய திறந்த வெளியில் அது நடந்தது. அன்று கருத்து மாறியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். சற்று முன்னர் ஃபிர்அவ்னிடம், வென்றால் எங்களுக்குக் கூலி உண்டா என்று கேட்ட சூனியக்காரர்களே ஸஜ்தாவில் விழுந்தனர். கைகால் வெட்டப்படும் என்ற மிரட்டலுக்கும் அவர்கள் அசையவில்லை. சூனியத்தின் எல்லை எதுவரை என்பதை அவர்களைவிட அறிந்தவர் அந்தத் திடலில் எவரும் இல்லை; அந்த அறிவே அவர்களுக்கு வழி காட்டிற்று. வேடிக்கை பார்க்க வந்த பெருங்கூட்டமோ வந்தபடியே சென்றது. மூஸா (அலை) அவர்களை ஏற்றவர்கள் அவர்களுடைய சமூகத்தின் இளைஞர்கள் சிலர் மட்டுமே என்று யூனுஸ் அத்தியாயம் 83ஆம் வசனம் கூறுகிறது.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம்.

ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) ஸிஃப்பீன் போர் நடுவர் ஏற்பாட்டில் முடிந்தது. அலீ (ரலி) அவர்கள் கூஃபாவுக்குத் திரும்பியபோது அவர்களுடைய படையிலிருந்தே ஒரு பெருங்கூட்டம் பிரிந்து, கூஃபாவுக்கு அருகிலுள்ள ஹரூரா என்னும் இடத்தில் தங்கிவிட்டது. தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது, மனிதர்களை எப்படி நடுவராக்கலாம் என்பது அவர்களுடைய முழக்கம். இவர்களையே கவாரிஜ்கள் என்றும் ஹரூரிய்யாக்கள் என்றும் வரலாறு குறிக்கின்றது. இவர்களுடன் பேசுவதற்கு அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சென்ற நிகழ்ச்சியை இமாம் நஸாயீ, இமாம் ஹாகிம் முதலியோர் பதிவு செய்துள்ளனர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே சொல்லக் கேட்ட அறிவிப்பு அது.

ளுஹர் தொழுகையைச் சற்றே தாமதப்படுத்துங்கள், நான் அவர்களிடம் பேசி வருகிறேன் என்று அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். உமக்கு ஏதேனும் நேர்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன் என்றார்கள் அலீ (ரலி) அவர்கள். அப்படி நேராது என்று கூறிவிட்டு, யமன் நாட்டு ஆடைகளுள் மிக அழகானதை அணிந்து, தலை வாரி, நடுப்பகலில் தனியாகப் புறப்பட்டார்கள். அங்கே கண்டவர்களைப் பற்றி அவர்கள் தரும் வருணனை நெஞ்சைத் தொடும். வணக்கத்தில் அவ்வளவு உழைத்த மக்களைத் தாம் அதற்கு முன் கண்டதில்லை என்கிறார்கள். நெற்றிகளில் ஸஜ்தாவின் தழும்பு. தரையில் ஊன்றி ஊன்றி ஒட்டகத்தின் முழங்காலைப்போல் காய்த்துப்போன கைகள். இரவு விழித்து வாடிய முகங்கள். எதிர்த்து வாதிடச் சென்றவர் எதிரியை இவ்வாறு நினைவுகூர்வது அரிது.

முதலில் ஆடையைப் பற்றிக் கேட்டனர். அல்லாஹ் தன் அடியார்களுக்கு வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்னும் கருத்துடைய வசனத்தை ஓதி, நபி (ஸல்) அவர்கள் இத்தகைய நல்லாடை அணிந்ததைத் தாம் கண்டிருப்பதாகப் பதிலளித்தார்கள். குறைஷியரோடு வாதாடாதீர்கள், அவர்கள் வாதத்தில் வல்ல கூட்டம் என்று சிலர் எச்சரித்தனர். அதற்கும் ஒரு வசனத்தையே ஆதாரம் காட்டினர்! ஆயினும் வேறு சிலர், நாம் பேசித்தான் பார்ப்போமே என்றனர்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் உடனே வாதத்தைத் தொடங்கிவிடவில்லை. அலீ (ரலி) அவர்கள்மீது உங்களுக்குள்ள குறை யாது என்று கேட்டார்கள். மூன்று என்றனர். அல்லாஹ்வின் விவகாரத்தில் மனிதர்களை நடுவராக்கினார். போர் புரிந்தும் எதிர்த்தரப்பினரைச் சிறைபிடிக்கவில்லை, அவர்களின் பொருளைக் கனீமத்தாக்கவும் இல்லை. உடன்படிக்கையில் தம் பெயரிலிருந்து அமீருல் முஃமினீன் என்பதை அழித்துவிட்டார். வேறு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இவை போதும் என்றனர். அல்லாஹ்வின் வேதத்திலிருந்தும் அவனுடைய தூதரின் சுன்னாவிலிருந்தும் இவற்றுக்கு நான் பதில் காட்டினால் திரும்பி வருவீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்றனர்.

பிறகே பதில்கள். இஹ்ராம் கட்டிய நிலையில் ஒருவர் வேட்டையாடிவிட்டால் பரிகாரத்தை முடிவு செய்ய நீதியுள்ள இருவரைத் தீர்ப்பளிக்கச் சொல்வது அல்லாஹ்வே. கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பச் சொல்வதும் அவனே. கால் திர்ஹம் பெறுமானமுள்ள ஒரு முயலுக்கு மனிதர் தீர்ப்பளிக்கலாம் என்றால், முஸ்லிம்களின் உயிரைக் காப்பதற்குத் தீர்ப்பளிக்கக் கூடாதா? இரண்டாவது, ஜமல் போரில் எதிரணியில் இருந்தவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். உங்கள் தாயையா சிறைபிடித்து அடிமையாக்க விரும்புகிறீர்கள்? மூன்றாவது, ஹுதைபிய்யா உடன்படிக்கையில் அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லைக் குறைஷியர் ஏற்க மறுத்தபோது நபி (ஸல்) அவர்களே அதை அழிக்கச் செய்தார்கள். அதனால் அவர்களின் நபித்துவம் அழிந்துவிட்டதா? ஒவ்வொரு பதிலுக்குப் பின்னரும், இதிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேனா என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள், அல்லாஹ்வின் மீது ஆணையாக, ஆம் என்றனர்.

முடிவு என்ன? எண்ணிக்கையில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. பிரபலமான அறிவிப்பின்படி அங்கிருந்தவர்கள் 6000 பேர். அவர்களில் திரும்பியவர்கள் 2000 பேர்.

பயான்களில் இந்த 2000 என்ற எண்ணை நாம் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். சொல்லத் தகுந்த எண்தான். ஒரு நண்பகலில் 2000 பேர் இரத்தக்களரியிலிருந்து மீண்டது சிறு செய்தியா? ஆயினும் மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் எஞ்சிய 4000 பேரிடமே என் சிந்தை சென்று நிற்கிறது. அவர்களும் அதே பேச்சையே கேட்டார்கள். மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது என்று அவர்கள் சார்பிலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. நான்காவதாக ஒரு குறையை அவர்களால் சொல்ல முடியவில்லை. எனினும் அவர்கள் திரும்பவில்லை. விவாதத்தில் விடையற்றுப் போவது ஒன்று, உள்ளம் மாறுவது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. அவ்வளவு தூரம் வந்து, தோழர்களோடு ஒன்றாகத் தங்கி, சொந்த ஊரில் உறவினரைப் பகைத்துக்கொண்டபின் ஒருவர் திரும்பிப் போவதற்கு வாதத்தைத் தவிர வேறு பலவும் தேவைப்படுகின்றன.

அடுத்து நிகழ்ந்தவை துயரமானவை. அவர்கள் அப்துல்லாஹ் இப்னு வஹ்பு அர்ராஸிபி என்பவரைத் தலைவராக்கிக்கொண்டு நஹ்ரவானில் திரண்டனர். வழியில் நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வையும், கர்ப்பிணியாக இருந்த அவருடைய மனைவியையும் கொன்றனர். ஹிஜ்ரி 38இல் அலீ (ரலி) அவர்கள் படையோடு சென்று, கொலையாளிகளை ஒப்படையுங்கள் என்றபோது, நாங்கள் எல்லோருமே கொன்றோம் என்றனர். போருக்கு முன்னர் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் கையில் ஒரு கொடி கொடுக்கப்பட்டது. இக்கொடியின்கீழ் வருபவருக்கு அபயம் உண்டு; கூஃபாவுக்கோ மதாயினுக்கோ சென்றுவிடுபவருக்கும் அபயம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. இமாம் தபரீ தரும் செய்தியின்படி, ஃபர்வா இப்னு நவ்ஃபல் என்பவர், அலீயோடு எதற்காகப் போரிடுகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை என்று கூறி 500 குதிரை வீரர்களோடு விலகிச் சென்றார். மற்றும் பலர் கூஃபாவுக்குச் சென்றனர். 4000 பேரில் இறுதிவரை நின்றவர்கள் 2800 பேர்.

ஃபர்வாவின் அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். அவர் அலீ (ரலி) அவர்களே சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களின் படையிலும் சேரவில்லை. சந்தேகம் அவருக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே விலகிச் செல்ல ஒரு வழி திறக்கப்பட்டபோது அவ்வழியே சென்றார். அந்தச் சந்தேகத்தை விதைத்ததில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பேச்சுக்கும் பங்கு உண்டா என்பதை அல்லாஹ்வே அறிவான். நஹ்ரவானில் உறவினரை இழந்தவர்களின் பகை பின்னர் எங்கே சென்று முடிந்தது என்பதை அனைவரும் அறிவோம். ஹிஜ்ரி 40 ரமழானில் கூஃபாவில் அலீ (ரலி) அவர்கள்மீது வாளை வீசிய இப்னு முல்ஜம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே.

இங்கிருந்து ஏறத்தாழ 1200 ஆண்டுகள் கடந்து இந்தியாவுக்கு வருவோம். காரணம் உண்டு. இன்று நம் ஊர்களில் நாம் காணும் விவாத முறை, அதாவது முன்கூட்டியே எழுதிய நிபந்தனைகள், குறித்த தலைப்புகள், பார்வையாளர்கள், பிறகு இரு தரப்பும் வெளியிடும் அச்சிட்ட அறிக்கைகள் என்னும் இந்த அமைப்பைப் பெரிதும் ஒத்திருப்பது ஹரூரா அன்று. 1854இல் ஆக்ராவில் நடந்த முனாழராவே அது.

கார்ல் காட்லீப் ஃபான்டர் ஜெர்மனியில் பிறந்து, பாசல் நகரில் பயிற்சி பெற்ற கிறிஸ்தவப் பாதிரியார். காகசஸ் பகுதியில் பணியாற்றிய காலத்தில் 'மீஸானுல் ஹக்' என்ற நூலை எழுதினார். பாரசீகத்திலும் உருதுவிலும் அது அச்சாகி வட இந்திய உலமாக்களின் கைகளுக்கு வந்தது. 1841 முதல் அவர் ஆக்ராவில் இருந்தார். பாரசீகமும் உருதுவும் நன்கறிந்தவர். உலமாக்களுக்குக் கடிதம் எழுதிப் பதில் கோருவார். ஆங்கிலேய ஆட்சியின் பலம் பின்னால் இருக்க, பதில் வராத இடமெல்லாம் வெற்றியாகவே தோன்றிய காலம் அது.

அவருக்கு எதிரே அமர்ந்தவர் கைரானா என்னும் ஊரைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் (ரஹ்) அவர்கள். 1818இல் பிறந்தவர், அப்போது வயது நாற்பதைத் தொடவில்லை. அவருக்குத் துணையாக அமர்ந்தவர் டாக்டர் வஸீர் கான். இந்தத் துணைதான் விவாதத்தின் போக்கை முடிவு செய்தது. வஸீர் கான் மேனாட்டு மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றவர். திரும்பும்போது, பைபிளின் மூலப்பிரதிகளைப் பற்றி ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களே எழுதிய ஆய்வு நூல்களையும் கொண்டு வந்தார். அவற்றைக் கைரானவி (ரஹ்) அவர்களுக்கு அவர் விளக்கினார். இருவரும் பாதிரியாரை அவருடைய சமயத்து அறிஞர்களின் நூல்களைக் கொண்டே எதிர்கொள்ள ஆயத்தமாயினர்.

ஐந்து தலைப்புகள் ஒப்புக்கொள்ளப்பட்டன: வேதங்களில் நஸ்க் எனப்படும் மாற்றம், தஹ்ரீஃப் எனப்படும் திரிபு, திரித்துவம், முஹம்மத் (ஸல்) அவர்களின் நபித்துவம், குர்ஆன் இறைவேதமே என்பது. 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய இரு நாட்களில் அமர்வுகள் நடந்தன. உலமாக்கள், ஆங்கிலேய அதிகாரிகள், நகரத்துப் பிரமுகர்கள் எனப் பல நூறு பேர் கூடினர். இரண்டாம் நாள் கூட்டம் முதல் நாளைவிடப் பெரியது. ஃபான்டருக்குத் துணையாக அமர்ந்த பிரெஞ்சு என்னும் இளம் பாதிரியார் பிற்காலத்தில் லாகூரின் முதல் பேராயர் ஆனவர்.

பழைய கேள்விகளையே ஃபான்டர் எதிர்பார்த்து வந்தார் என்பது தெளிவு. ஐரோப்பிய நூல்களின் மேற்கோள்கள் வரவே தடுமாறினார். பைபிளின் பிரதிகளில் ஏழு எட்டு இடங்களில் பிழை புகுந்திருப்பதை அவர் சபையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிரதி எடுத்தவர்களின் தவறுகளால் அடிப்படைக் கோட்பாடு பாதிக்கப்படாது என்பது அவர் நிலை. ஐயத்துக்கிடமான நூலை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பது கைரானவி (ரஹ்) அவர்களின் நிலை. உள்ளதை உள்ளபடி ஏற்றால் மட்டுமே அடுத்த தலைப்பு என்று பாதிரியார் கூற, அதற்கு இவர்கள் மறுக்க, இரண்டாம் நாளோடு விவாதம் நின்றுபோயிற்று. எஞ்சிய மூன்று தலைப்புகள் பேசப்படவே இல்லை.

அதன்பின் நடந்தது நமக்குப் பழக்கமான கதை. இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டன. நீர் ஒப்புக்கொண்டது இது, இல்லை நான் சொன்னது அது என்று தொடர்ந்தது. இரு தரப்பும் தத்தம் அறிக்கைகளை அச்சிட்டன. முஸ்லிம்களிடையே ஆக்ரா பெரும் வெற்றியாகப் பேசப்பட்டது. நியாயமாகப் பார்த்தால் அன்றைய அமர்வுகளில் மேலோங்கி நின்றது நம் தரப்பே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஃபான்டர் விரைவில் ஆக்ராவை விட்டுப் பெஷாவருக்குச் சென்றார். ஆனால் அவர் தம் கருத்தில் ஒன்றையும் விடவில்லை; அங்கும் அதே நூல்களோடு அதே பணியைத் தொடர்ந்தார்.

தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் ஓதிய உலமாக்கள் 'ரஷீதிய்யா' என்னும் நூலை அறிவார்கள். முனாழரா என்ற கலையின் விதிகளைக் கூறும் நூல் அது. இக்கலையின் தொடக்கத்திலேயே மூன்று சொற்கள் வேறுபடுத்தப்படுகின்றன. சரியானது வெளிப்பட வேண்டும் என்பதற்காக இருவர் பேசினால் அது முனாழரா. எதிரியை வாயடைக்கச் செய்வதே நோக்கமானால் அது முஜாதலா. இரண்டும் இல்லாமல் வீம்புக்குப் பேசினால் அது முகாபரா. நாம் எல்லாவற்றுக்கும் முனாழரா என்றே பெயர் சூட்டுகிறோம் என்பது வேறு விஷயம். ஆக்ராவில் இரு தரப்பும் உண்மையை நம்பியே வந்தன; ஆனால் எதிர்த்தரப்பிடமிருந்து எதையேனும் கற்றுக்கொள்ள எவரும் வரவில்லை. நூலின் கணக்கில் அது முஜாதலாவே. அது ஹராம் என்றோ வீண் என்றோ நான் கூறவில்லை. தாக்கப்பட்ட சமூகத்துக்கு அன்று அது தேவையாக இருந்தது. வெட்கிக் குனிந்திருந்த தலைகள் அதனால் நிமிர்ந்தன. அது செய்த வேலை அதுவே. உள்ளத்தை மாற்றும் வேலை வேறு.

இனிக் கூறப்போவது நமக்கு வலிக்கும் செய்தி. அதை மறைத்துவிட்டு ஆக்ராவை மட்டும் பேசுவது நேர்மையாகாது என்பதால் கூறுகிறேன். பானிப்பத்தைச் சேர்ந்த இமாதுத்தீன் என்ற மௌலவி ஆக்ராவில் கற்றவர். ஃபான்டரின் பிரச்சாரத்தை எதிர்த்து ஆக்ராவின் ஜாமிஆ மஸ்ஜிதில் உரை நிகழ்த்துவதற்காக அமர்த்தப்பட்டவர். வஸீர் கானின் வட்டத்தைச் சேர்ந்தவர். தஹ்ரீஃப் பற்றிய வாதங்கள் அவருக்கு மனப்பாடம். அத்தகையவர் 1866இல் அமிர்தசரஸில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். பிறகு பாதிரியாராகி இஸ்லாத்துக்கு எதிராகப் பல நூல்கள் எழுதினார். அவருக்கு முன்னரே, அவருக்குப் பழக்கமான ஸஃப்தர் அலீ என்ற கல்வி அதிகாரி ஜபல்பூரில் கிறிஸ்தவராகியிருந்தார். ஆக்ரா விவாதக் காலத்தில் இவ்விருவரும் நம் அணியில் இருந்தவர்கள்.

இது எப்படி நேர்ந்தது? இமாதுத்தீன் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். நீண்ட காலம் அவர் உள்ளத்தில் அமைதியின்றி அலைந்திருக்கிறார். சூஃபித் தரீக்காக்களைத் தேடினார், காட்டில் தவம் இருந்தார், கிடைக்காமல் சோர்ந்தார். மேடையில் பிறருக்குப் பதில் கூறிக்கொண்டிருந்தவரின் உள்ளத்தில் இருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. இறுதியில் அவரை அசைத்தது விவாதம் அன்று; தாம் மதித்த ஸஃப்தர் அலீ மாறிவிட்டார் என்ற செய்தி. வாதத்தில் நம் தரப்பு வென்ற ஊரிலேயே, வென்ற அணியிலிருந்தே இருவரை இழந்தோம். விவாத மேடைகளுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியை, மேடையில் ஏற்றப்படும் நம் இளைஞர்களின் உள்நிலையை விசாரிப்பதற்குச் செலவிடுகிறோமா என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபுறமும் சொல்ல வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பின் கைரானவி (ரஹ்) அவர்கள் தேடப்படுபவரானார்கள். அவர்களுடைய சொத்துகள் பறிமுதலாயின. மக்காவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். உஸ்மானியத் தலைநகர் இஸ்தான்பூலில் ஃபான்டரும் 1858 முதல் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஸுல்தான் அப்துல் அஸீஸின் அழைப்பில் கைரானவி (ரஹ்) அவர்கள் அந்நகருக்குச் சென்றபோது, ஆக்ராவில் பேசிய இரு தலைப்புகளோடு பேசாமல் விட்ட தலைப்புகளையும் சேர்த்து 'இழ்ஹாருல் ஹக்' என்ற நூலை அரபியில் எழுதி முடித்தார்கள். 1864இல் அது அச்சாயிற்று. மறு ஆண்டு ஃபான்டர் இங்கிலாந்தில் மரணமடைந்தார். கைரானவி (ரஹ்) அவர்கள் மக்காவுக்குத் திரும்பி, கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லத்துன்னிஸா என்ற பெண்மணி அளித்த பொருளுதவியால் ஒரு மதரஸாவை நிறுவினார்கள். அப்பெண்மணியின் பெயராலேயே மத்ரஸா ஸவ்லத்திய்யா என வழங்கும் அதில் இந்தியா, ஜாவா எனப் பல நாட்டு மாணவர்கள் ஓதினர். 1891இல் மக்காவிலேயே அவர்களின் வஃபாத்.

ஆக்ராவின் இரு நாட்களைவிட அந்த நூல் நெடுந்தூரம் பயணம் செய்தது. 1930களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில், கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் அருகிலிருந்த கடையில் ஓர் ஏழை இளைஞர் பணியாற்றிக்கொண்டிருந்தார். மிஷன் மாணவர்கள் கடைக்கு வந்து இஸ்லாத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு அவரால் பதில் கூற முடியவில்லை. ஒரு நாள் கடையின் பொருட்கிடங்கில் பழைய தாள்களுக்கிடையே 'இழ்ஹாருல் ஹக்' நூலின் பிரதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அவர்தாம் அஹ்மத் தீதாத் (ரஹ்). நம் வீடுகளில் அவருடைய நூல்களின் தமிழாக்கத்தைப் படித்து வளர்ந்தவர்கள் பலர் இருப்பீர்கள். 1986இல் அமெரிக்காவில் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு அவர் நடத்திய விவாதத்தின் ஒளிநாடா வளைகுடா நாடுகளிலிருந்து எத்தனை பெட்டிகளில் தமிழகத்துக்கு வந்திருக்கும்! அந்த விவாதத்துக்குப் பின்னரும் ஸ்வாகர்ட் கிறிஸ்தவப் போதகராகவே தொடர்ந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆக, மேடையில் அமர்ந்தவர் மாறியதாக இவ்விரு நிகழ்ச்சிகளிலும் காண்பது அரிது. ஹரூராவில் மாறியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். ஆக்ராவின் பயன், நூலாகிப் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஓர் இளைஞரைத் தனிமையில் சென்றடைந்தது. அதுவும் அவருடைய கொள்கையை மாற்றவில்லை. அவருக்கு இருந்த கொள்கைக்குத் துணிவைத் தந்தது.

இந்த உண்மையை அனுபவத்தால் கண்டு விலகியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பாக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியராக அமர்ந்தபோது விவாதத்தில் அவர்களை வெல்ல ஆளில்லை. நான்கே ஆண்டுகளில் அப்பதவியைத் துறந்து புறப்பட்டார்கள். ஹிஜ்ரி 489இல் ஹெப்ரோனில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டதாகப் பின்னாளில் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்கள். அரசர்களிடம் பொருள் வாங்குவதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, விவாதம் செய்வதில்லை. விவாதத்தை அரசவையோடு ஒரே பட்டியலில் வைத்தார்கள் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இஹ்யாவின் இல்ம் பகுதியில் அவர்கள் முனாழராவை முற்றாக மறுக்கவில்லை, நிபந்தனைகள் விதித்தார்கள். பெரியோரும் அதிகாரிகளும் கூடிய சபையைவிடத் தனிமையில் பேசுவதையே ஒருவர் அதிகம் விரும்ப வேண்டும் என்பது ஒன்று. காணாமற்போன கால்நடையைத் தேடுபவனைப்போல இருக்க வேண்டும், அது தன் கையில் கிடைத்தாலும் பிறர் கையில் கிடைத்தாலும் மகிழ வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு நிபந்தனைகளையும் நம் விவாத ஒப்பந்தப் படிவங்களில் சேர்த்தால் எத்தனை விவாதங்கள் நடக்கும் என்று தெரியவில்லை!

அப்படியானால் விவாதமே வேண்டாமா என்று சில வாலிபர்கள் கேட்பதுண்டு. பொது மேடையில் நம் மார்க்கத்தின் மீது பொய் கூறப்படும்போது, தகுதியுள்ளவர் எழுந்து பதில் கூறத்தான் வேண்டும்; கைரானவி (ரஹ்) அவர்கள் செய்தது அதுவே. ஆனால் மத்ஹபுப் பிரச்சினைகளையும், ஒரே கிப்லாவை நோக்குபவர்களுக்கிடையே உள்ள கிளைக் கருத்து வேறுபாடுகளையும் அதே மேடையில் அதே தொனியில் வைப்பதற்கு முன்மாதிரி எங்கே இருக்கிறது? உயிருக்கே ஆபத்து இருந்த இடத்திற்குக்கூட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தனியாளாகச் சென்றார்கள். எதிர்த்தரப்பின் குறைகளை முதலில் அவர்கள் வாயாலேயே முழுமையாகச் சொல்லச் செய்தார்கள். அவர்கள் ஏற்கும் ஆதாரத்தைக் கொண்டே பேசினார்கள். வீட்டில் ஒரு மகன் கல்லூரியிலிருந்து ஏதோ ஒரு புதிய கருத்தோடு வந்து நிற்கும்போது, உம்மாவும் வாப்பாவும் உறவினர் முன்னிலையில் அவனை மடக்கிப் பேசினால் அவன் 4000 பேரோடு போய்ச் சேர்ந்துவிடுவான்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய எகிப்திய மாணவர் யூனுஸ் அஸ்ஸதஃபீ (ரஹ்) அவர்களுக்கும் ஒரு நாள் ஒரு மஸ்அலாவில் விவாதம் நடந்தது. உடன்பாடு ஏற்படாமலேயே பிரிந்தனர். பிறகு சந்தித்தபோது இமாம் அவர்கள் மாணவரின் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு மஸ்அலாவில் ஒத்துப்போகாவிட்டாலும் நாம் சகோதரர்களாக இருப்பது சரிவராதா என்று கேட்டார்கள். ஹிஜ்ரி 204இல் இமாம் வஃபாத்தானார்கள். யூனுஸ் (ரஹ்) அவர்கள் அதன்பின் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து 264இல் வஃபாத்தானார்கள். இந்நிகழ்ச்சியை அறிவித்தவர் அவர்களே. விவாதம் எந்த மஸ்அலாவைப் பற்றியது, அதில் யார் சொன்னது சரி என்பதை அந்த அறிவிப்பில் அவர்கள் குறிப்பிடவில்லை.

வல்லாஹு அஃலம்.